எண் செல்லாது என்றது யார்?



வேறொரு நகரத்தில் தமிழ்ப் பணி புரிந்துவரும் அன்பர் ஒருவரிடமிருந்து இம்மாதம் ஒரு கடிதம் வந்திருக்கிறது. அவ்வூரிலுள்ள நம்மவர் குடும்பங்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்கென்று, ஒரு பழைய கணினியில் ‘ஆஸ்டெரிஸ்க்’ என்னும் கட்டற்ற மென்பொருளை ஏற்றி, சிறு தொலைபேசி நிலையம் ஒன்றை நடத்தி வருகிறார்களாம். “இருவர் இருவராகப் பேசினால் குரல் மணிபோல் கேட்கிறது. எல்லோரும் ஒருங்கே கூடும் எண்ணை அழைத்தால் மட்டும் கூட்டம் நடப்பதில்லை. புதிய பதிப்புகளை ஏற்றிய நாள்முதல் இந்த நிலைதான். கணினி பழையதாகிவிட்டது, வேறு வாங்குவோம் என்கிறார்கள் சிலர். தங்கள் அபிப்பிராயம் என்ன?” என்று கேட்கிறார்.

வாங்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். இதே துன்பத்தை எங்கள் படிப்பு வட்டமும் அனுபவித்திருக்கிறது. அது நேர்ந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பரிகாரம் அதற்குள்ளேயே இருக்கிறது.

டில்லியில் ஜனவரி மாதத்து மூடுபனி எப்படிப்பட்டதென்று அங்கே வாழ்ந்தவர்கள் அறிவார்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் முதியவர்கள் வாசற்படி தாண்டுவதற்கில்லை. கரோல் பாக், ஜனக்புரி, ராமகிருஷ்ணபுரம், மயூர் விஹார் என்று மூலைக்கொருவராய்ச் சிதறிக் கிடக்கும் பதினான்கு குடும்பத்தார், ஞாயிறுதோறும் மாலையில் கம்பராமாயணம் படிப்பதற்காகவே எங்கள் தொலைபேசி நிலையம் ஏற்பட்டது. பொதுத் தொலைபேசிக் கம்பிகளோடு அதற்குத் தொடர்பில்லை. இணையத்தின் வழியே எங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்வோம். யாரோ ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட மேசை டெலிபோன்கள் மலிவாகக் கிடைத்தன. 600 என்று மூன்று இலக்கங்களை அழுத்தினால் வட்டத்துக்குள் வந்துவிடலாம். முகம் பார்த்துப் பேசும் நவீன செயலிகள் எத்தனையோ இருக்க, இந்தப் பழம்பாணி எதற்கு என்று என் மகனே கேட்டான். கண் தெரியாதவர்களுக்கு வழுவழுப்பான கண்ணாடிப் பலகையால் என்ன பயன்? மேசை டெலிபோனில் ஐந்தாம் எண்ணின்மீது ஒரு சிறு புடைப்பு இருக்கும். விரல் அதைத் தொட்டுவிட்டால் மற்ற எண்கள் தாமாகவே புலப்பட்டுவிடும்.

மயூர் விஹாரில் இருக்கும் எண்பத்து நான்கு வயது அம்மையார் ஒருவருக்கு அந்தப் புடைப்புத்தான் வழிகாட்டி. கடல் தாவு படலம் தொடங்கிச் சுந்தர காண்டம் பெரும்பகுதியும் அவருக்கு மனப்பாடம். நாங்கள் புத்தகத்தைப் பார்த்துப் படிப்போம். அவர் பாராமலே திருத்துவார். எங்களில் பலருக்கும் அவரைக் கண்டால் அச்சம் உண்டு. அவர் இல்லாத வட்டத்தை நினைத்துப் பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை இரவு, கணினியில் சேர்ந்து கிடந்த புதுப்பிப்புகள் அனைத்தையும் ஒருசேர ஏற்றினேன். ஏற்றி முடித்ததும் ஜனக்புரி நண்பரை அழைத்து இரண்டு வார்த்தை பேசிப் பார்த்தேன். குரல் நன்றாகவே இருந்தது. ‘எல்லாம் சரி’ என்று உறங்கப் போய்விட்டேன். 600-ஐ அழைத்துப் பார்க்கவில்லை. என் பிழை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும்.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு 600-ஐ அழைத்தவர்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில் ஒரு பெண்குரல் கேட்டது. அந்தக் கூட்ட எண் செல்லாது, மறுபடி முயலுங்கள் என்பது அதன் பொருள். ஆங்கிலம் அறிந்தவர்கள் எனக்கு டெலிபோன் செய்து கேட்டார்கள். ஏதோ கோளாறு, இன்று வட்டம் இல்லை என்று சொல்லிவைத்தேன். அம்மையாரோ ஆங்கிலம் அறியாதவர். அன்று பதினொரு முறை அழைத்திருக்கிறார். பதிவேட்டைப் பிறகு பார்த்தபோதுதான் இந்தக் கணக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னாராம். அவளும் கேட்டுவிட்டு, “உங்கள் எண் செல்லாது என்கிறது பாட்டி” என்று மொழிபெயர்த்திருக்கிறாள். இரண்டு நாள் கழித்து நான் பேசியபோது அவர் குரலில் கோபம் இல்லை. “என் பெயரை எடுத்துவிட்டீர்களா தம்பி? ஓயாமல் திருத்திக்கொண்டிருந்தேன். அலுத்துப் போயிருப்பீர்கள். சொல்லிவிட்டு எடுத்திருக்கலாமே” என்றார்.

“இல்லையம்மா, கணினி பொய் சொல்லிவிட்டது” என்றேன். அவர் நம்பியதாகத் தோன்றவில்லை.

கணினி சொன்னது பொய்தான். எண் செல்லுபடியான எண். கூட்ட அறையை அமைக்கத்தான் அதற்கு முடியவில்லை. அறை அமையாமற் போனால் அந்தப் பழைய நிரல் காரணத்தைச் சொல்லாது. எண்ணின்மீது பழியைப் போட்டுவிடும். ஆகவே கடிதம் எழுதிய அன்பருக்கு என் முதல் யோசனை இதுதான்: காதில் விழும் அறிவிப்பை நம்பாதீர்கள். ஆஸ்டெரிஸ்க் எழுதிவைக்கும் பதிவேட்டைத் திறந்து, கூட்ட எண்ணை அழைத்த அந்த நிமிஷத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். உண்மை அங்கேதான் இருக்கும்.

இருவர் பேச்சு நன்றாயிருக்க, பலர் பேச்சு மட்டும் கெடுவானேன்? இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

டெலிபோன் நம் குரலை வினாடிக்கு 8000 முறை அளந்து எண்களாக்குகிறது. அந்த எண்களை 160, 160 ஆகப் பொட்டலம் கட்டி அனுப்புகிறது. ஆக, ஒரு பொட்டலத்தில் இருப்பது 20 மில்லி வினாடிப் பேச்சு; வினாடிக்கு 50 பொட்டலங்கள். இருவர் மட்டும் பேசும்போது நிலையத்தின் வேலை தபால்காரரின் வேலை. இங்கே வந்ததை அங்கே கொடுக்கிறது, அங்கே வந்ததை இங்கே கொடுக்கிறது. பொட்டலம் வந்ததே அதற்குச் சமிக்ஞை, கடிகாரம் தேவையில்லை.

பத்துப் பேர் கூடினால் நிலைமை வேறு. பத்து இடத்துப் பொட்டலங்கள் வெவ்வேறு கணத்தில் வந்து சேரும். அவற்றைக் காத்திருக்கவைத்து, 20 மில்லி வினாடிக்கு ஒருமுறை தவறாமல் எல்லாக் குரல்களையும் எண்களாகவே கூட்ட வேண்டும். கூட்டிய தொகையிலிருந்து அவரவர் குரலை மட்டும் கழித்து அவரவருக்கு அனுப்ப வேண்டும். கழிக்காவிட்டால் நம் குரலே நமக்குத் திரும்பி வந்து காதைத் துளைக்கும். இந்தக் கூட்டலும் கழித்தலும் தாளம் தப்பாமல் நடக்க ஒரு கடிகாரம் இன்றியமையாதது. வினாடிக்கு 50 துடிப்பு. கச்சேரிக்கு மிருதங்கம்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மிருதங்கக்காரர் வராவிட்டால் தனியே முணுமுணுத்துப் பாட ஒருவராலும் முடியும், கச்சேரி நடக்காது.

இந்தக் கடிகாரம் எங்கிருந்து கிடைத்தது என்பதற்கு ஒரு சிறு சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர் 1999-இல் லினக்ஸ் பயனாளருக்கு உதவும் சிறு தொழில் ஒன்றைத் தொடங்கினார். அதற்கு வேண்டிய தொலைபேசி இணைப்பகத்தை விலைகொடுத்து வாங்க இயலாமல், தாமே ஒன்றை நிரலாக எழுதிக்கொண்டார். அதுவே ஆஸ்டெரிஸ்க், டெலிபோனில் உள்ள நட்சத்திரக் குறியின் பெயர். மூலநிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்கு வழங்கலாம். அந்நாளில் நிலையத்தோடு டெலிபோன் கம்பியை இணைக்க, கணினிக்குள் ஓர் அட்டையைச் செருகுவார்கள். அந்த அட்டையை இயக்கும் நிரலுக்கு ‘ஸாப்டெல்’ என்று பெயர். 2008-இல் ‘டாடி’ என்று பெயர் மாற்றினார்கள். ‘மீட்மீ’ என்ற பழைய கூட்ட நிரல், கடிகாரத்தை மட்டுமன்றிக் கூட்டல் வேலையையும் இந்த டாடியிடமே ஒப்படைத்துவிட்டது. அட்டையே இல்லாத எங்கள் கணினியிலும் மீட்மீ நடக்க டாடி வேண்டும். நான் இதை அறியேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய வழிகாட்டி நூலைப் பார்த்து வரிக்கு வரி எழுதிவைத்தவன் நான்.

டாடி என்பது லினக்ஸின் கருப்பகுதியான ‘கெர்னல்’ என்பதோடு இணைத்துத் தொகுக்கப்படும் நிரல். எந்தக் கெர்னலுக்கென்று தொகுத்தோமோ அதற்கு மட்டுமே பொருந்தும். சனிக்கிழமை இரவு நான் ஏற்றிய புதுப்பிப்புகளில் புதிய கெர்னலும் ஒன்று. பழைய பூட்டுக்குச் செய்த சாவி புதிய பூட்டில் நுழையவில்லை. டாடி இல்லை, ஆகவே மீட்மீ இல்லை, ஆகவே அறை இல்லை, ஆகவே ‘எண் செல்லாது’. ஆஸ்டெரிஸ்க்கை நான் தொடவே இல்லை. தொட்டது அதன் காலடி மண்ணை.

இதைக் கண்டுபிடிக்க எனக்குச் செவ்வாய்க்கிழமை இரவாயிற்று. கண்டுபிடித்தபின் தற்காலிகப் பரிகாரத்துக்கு ஐந்து நிமிஷந்தான் பிடித்தது. கணினி துவங்கும்போது தோன்றும் பட்டியலில் முந்தைய கெர்னலும் பெரும்பாலும் இருக்கும். அதைத் தேர்ந்தால் பழைய சாவி பழைய பூட்டுக்குச் சேர்ந்துவிடும். கூட்டம் அடுத்த வாரமே நடந்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் இருப்பவர்கள் இதைச் செய்துகொள்ளலாம். ஆனால் பழைய கெர்னலிலேயே காலம் தள்ளுவது பாதுகாப்புக்கு உகந்ததல்ல.

நிலையான பரிகாரம் மீட்மீயைக் கைவிடுவதே. ‘கான்ஃப்பிரிட்ஜ்’ என்னும் புதிய கூட்ட நிரல் ஆஸ்டெரிஸ்க்கின் 1.6.2 பதிப்பில் அறிமுகமாகி, 2011-இல் வெளிவந்த 10-ஆம் பதிப்பில் முற்றிலும் புதிதாக எழுதப்பட்டது. இது கூட்டலை ஆஸ்டெரிஸ்க்குக்குள்ளேயே செய்துகொள்கிறது, டாடி வேண்டாம். ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற முகப்பின் வழியாக நிலையத்தை நடத்துகிறவர்களுக்கு, மேம்பட்ட அமைப்புகள் பக்கத்தில் எந்தக் கூட்ட நிரல் வேண்டும் என்று தெரிவு செய்ய இடம் இருக்கிறது. என்னைப்போல் கையால் எழுதியவர்கள் அழைப்புத் திட்டத்தில் மீட்மீ என்றிருக்கும் வரியைக் கான்ஃப்பிரிட்ஜ் என்று மாற்ற வேண்டும். ஓர் எச்சரிக்கை: மீட்மீக்கு ஒற்றை எழுத்துகளால் இட்ட கட்டளைகளை அப்படியே புதிய நிரலுக்குக் கொடுத்தால் அவை பலிக்கமாட்டா. அறைக்கு ஒரு குணவிவரம், பேசுகிறவருக்கு ஒரு குணவிவரம், பொத்தான்களுக்கு ஒரு பட்டியல் என்று தனியே ஒரு கோப்பில் எழுத வேண்டும். ஒரு மாலைப்பொழுது வேலை.

வேலை முடிந்து வட்டம் கூடியது. குரல்கள் வந்தன, ஆனால் தகர டப்பாவுக்குள் கூழாங்கற்களைக் குலுக்கியதுபோல் வந்தன. சொல்லின் நடுவே சொல் அறுந்தது. இணையந்தான் மந்தம் என்று எல்லோரும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். இருவர் பேச்சு தெளிவாயிருக்கும்போது இணையத்தைக் குறை சொல்வது எப்படி? மறுபடியும் கடிகாரத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆஸ்டெரிஸ்க்கின் கட்டளைத் திரையில் ‘டைமிங் டெஸ்ட்’ என்ற இரு ஆங்கிலச் சொற்களைத் தட்டிப் பாருங்கள். எந்தக் கடிகாரத்தை உபயோகிக்கிறது என்பதையும், 1000 மில்லி வினாடியில் எத்தனை துடிப்பு வந்தது என்பதையும் அது சொல்லும். 50 வர வேண்டும். எங்களுக்கு 40-ஐ ஒட்டியே வந்தது.

காரணம் மறுபடியும் நான்தான். லினக்ஸ் தானே தரும் நல்ல கடிகாரம் ‘டைமர்எஃப்டி’ என்பது. டாடியின் கடிகாரமே சிறந்தது என்று கருதப்பட்ட காலத்தில், டைமர்எஃப்டியை ஏற்றாதே என்று ஒரு தடைவரியை மாட்யூல் பட்டியலில் எழுதிவைத்திருந்தேன். டாடி போயிற்று, தடைவரி போகவில்லை. மீந்திருந்த மூன்றாந்தரக் கடிகாரத்தைக் கொண்டு நிலையம் தடுமாறிக்கொண்டிருந்தது. அந்த வரியை நீக்கி மறுபடி துவக்கினேன். துடிப்பு 50. பழைய புத்திமதி, அதைச் சொன்ன சூழ்நிலை மாறிய பிறகும் கோப்புகளில் உட்கார்ந்திருப்பதை நான் வேறு பல கணினிகளிலும் கண்டிருக்கிறேன்.

அன்பர் தம் நிலையத்தில் கான்ஃப்பிரிட்ஜ்தான் ஏற்கெனவே இருக்கிறதென்றும், துடிப்பும் 50 வருகிறதென்றும் கண்டால், அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது மொழிபெயர்ப்பாளரை. இங்கே மொழிபெயர்ப்பு என்றது, குரலைச் சுருக்கியனுப்பும் முறைகளை விரித்தெடுப்பதை. கைப்பேசிச் செயலிகள் பல ‘ஓபஸ்’ என்ற முறையில் குரலைச் சுருக்குகின்றன. இருவரும் ஓபஸ் பேசினால் நிலையம் பொட்டலத்தைப் பிரிக்காமலே கடத்திவிடும். கூட்டத்திலோ பிரித்தே ஆக வேண்டும். சுருக்கிய எண்களைக் கூட்ட முடியாது. ஆஸ்டெரிஸ்க்குக்கென்று வழங்கப்படும் ஓபஸ் மாட்யூல் தனியே பதிவிறக்க வேண்டிய ஒன்று. ஒவ்வொரு பெரும் பதிப்புக்கும் ஏற்றதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்டெரிஸ்க்கை மட்டும் உயர்த்திவிட்டு இதை மறந்தால், தனிப்பேச்சு நடக்கும், கூட்டம் கெடும். நம் அன்பர் சொல்லும் அறிகுறிக்கு இதுவும் பொருந்துகிறது. உடனடிச் சோதனை எளிது: இரண்டு மூன்று பேர் மட்டும் தம் செயலியில் ‘ஜி.711’ என்ற பழைய முறையைத் தெரிவுசெய்து கூட்டத்தில் நுழைந்து பாருங்கள்.

தீச்சுவர் எனப்படும் ஃபயர்வாலும் சில சமயம் புதுப்பிப்பின்போது பழைய நிலைக்குத் திரும்பிவிடும். குரல் செல்லும் வாசல்கள் அடைபட்டுப்போகும். பெரும்பாலான நிலையங்களில் அவை 10000 முதல் 20000 வரை எண்ணிட்டவை. இது கூட்டத்துக்கு மட்டும் உரிய கோளாறல்ல. நிலையத்தின் எதிரொலிச் சோதனையை அழைத்துப் பேசினால் நம் குரல் நமக்கே திரும்ப வேண்டும். ஃப்ரீபிபிஎக்ஸில் நட்சத்திரக் குறியோடு 43 அழுத்தினால் அது கிடைக்கும். திரும்பி வந்தால் வாசல் திறந்திருக்கிறது. மேலே சொன்னவற்றுக்குப் போகலாம்.

கோளாறைத் தீர்த்த உற்சாகத்தில், இனி 21-ஆம் பதிப்புக்கோ அதற்கு மேலோ தாவிவிடலாம் என்று எண்ணுகிறவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். 2023 அக்டோபரில் வந்த அந்த 21-ஆம் பதிப்பில் ‘சான்சிப்’ என்னும் பழைய இணைப்பு நிரலையும் ‘மேக்ரோ’ என்னும் பழைய எழுத்துமுறையையும் அடியோடு எடுத்துவிட்டார்கள். முன்னதை நம்பியிருக்கும் டெலிபோன்கள் நிலையத்தில் பதிவே ஆகமாட்டா. கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படும் நிலைக்கே வரமாட்டீர்கள். எடுக்கப்போகிறோம் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே பதிப்புக் குறிப்பில் எழுதிவைத்திருந்தார்கள். அந்தக் குறிப்புகளை யார் படிக்கிறார்கள்? நான் இப்போது படிக்கிறேன். 20, 22 ஆகிய பதிப்புகள் நெடுங்கால ஆதரவு பெற்றவை: நான்காண்டுகள் திருத்தங்கள், அதன்பின் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்கள். சங்கங்களுக்கு இவ்வகைப் பதிப்புகளே ஏற்றவை. ஆதரவு முடிந்த பதிப்பிலிருந்து அடுத்ததற்கு மாற ஓராண்டாவது முன்னதாகவே திட்டமிடலாம். இப்போதெல்லாம் நான் புதுப்பிப்பு ஏற்றுவது திங்கட்கிழமை. ஞாயிறு மாலைக்குமுன் ஆறு நாள் கையில் இருக்கிறது. ஏற்றுமுன் கோப்புகளின் பிரதி ஒன்று வேறு கணினிக்குப் போய்விடும். ஏற்றியபின் மூன்று டெலிபோன்களிலிருந்து 600-ஐ அழைக்கிறேன். இரண்டு போதாது, இருவர் மட்டுமே இருந்தால் கழித்தபின் மிஞ்சுவது ஒரு குரலே, கூட்டல் உண்மையில் நடக்கிறதா என்பது தெரியாமற்போகும்.

இனி, அந்த ஆங்கிலப் பெண்குரல். கான்ஃப்பிரிட்ஜ் ஒருவரை அறைக்குள் சேர்க்க முடியாமற் போனால் ‘தோல்வி’ என்று ஒரு குறிப்பை விட்டுச்செல்லும். அந்தக் குறிப்பைக் கண்டதும் நாம் விரும்பும் ஒலிப்பதிவை ஒலிக்கச்செய்ய அழைப்புத் திட்டத்தில் இரண்டு மூன்று வரிகள் போதும். தமிழ் அறிவிப்புகளுக்கென்று ஒலிக்கோப்புகளைத் தனி அடைவில் வைத்து, அழைப்பின் மொழியைத் தமிழ் என்று குறித்துவிடவும் ஆஸ்டெரிஸ்க்கில் வசதி இருக்கிறது. எங்கள் குடும்பங்களில் ஆங்கிலம் தெரியாதவர் ஒரே ஒருவர். பத்து ஆண்டுகளாக இதைச் செய்யாமல் இருந்துவிட்டோம். என் மனைவியின் குரலில் பதிவு செய்தேன்: “நிலையத்தில் பழுது நேர்ந்திருக்கிறது. உங்கள் எண் சரியானதே. தவறு எங்களுடையது. பார்த்து சொல்லுகிறோம்.”

அம்மையாரை அழைத்து, எல்லாம் சரியாகிவிட்டதென்றும், ஞாயிறன்று அவசியம் வர வேண்டுமென்றும் கேட்டுக்கொண்டேன். “பார்க்கலாம் தம்பி” என்றார். நம்பிக்கை வரட்டும் என்று அந்தப் பதிவை மட்டும் தனியே ஓர் எண்ணில் வைத்து, கேட்டுப் பார்க்கும்படி சொன்னேன். சற்று நேரத்தில் அவரே திரும்ப அழைத்தார்.

“பார்த்துச் சொல்லுகிறோம். அந்த ‘ச்’ எங்கே போயிற்று?” என்றார்.

மனைவி மறுபடியும் பேசிப் பதிவுசெய்தாள். ஞாயிறு மாலை ஆறு அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது 600-இல் முதலில் நுழைந்த எண் மயூர் விஹாருடையது என்று திரை காட்டியது.